தண்ணித் தொட்டி உச்சியில அரசாங்கம்

நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டு உக்காருங்க தம்பி. சத்தமாப் பேசினா எதிர்வீட்டுக்காரி காதுல விழுந்திரும். அவ காதுல விழுந்தாக்கூடப் பரவாயில்ல. அவ போன் காதுல விழுந்தா உலகத்துக்கே விழுந்திரும்.

பையைக் கீழ வையுங்க. அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். ஒரு தொப்பி, ஒரு பேனா, கழுத்துல மாட்டுற நாடாவுல ஒரு அட்டை. போன வருசமும் இதேதான் குடுத்தீங்க. இந்த வருசமும் மாநாடு நடத்துறீங்க, அதுக்கு ஆள் கூப்பிட வந்திருக்கீங்க. நான் வாரேனா வரலியாங்கிறது அப்புறம். போன வருசம் போயிட்டு வந்த லட்சணத்தை முதல்ல கேளுங்க. கேட்டுட்டு அந்தத் தொப்பியை என்கிட்டக் குடுக்கலாமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க.

எங்க கழிமேட்டை வார வழியில பாத்திருப்பீங்க. சுத்தி உப்பளம், நடுவுல ஊரு. இங்க வெயிலுக்குப் பஞ்சம் கிடையாது, உப்புக்குப் பஞ்சம் கிடையாது, போன் டவருக்கு மட்டுந்தான் பஞ்சம். உங்க போனை எடுத்துப் பாருங்க. பாத்தீங்களா? ஒரு கோடு இருக்கா? இருக்காது. ஊருக்குள்ள டவர் கிடைக்கிற இடம் ஒண்ணே ஒண்ணுதான். அந்தா நிக்குதே தண்ணித் தொட்டி, அதோட உச்சி. கப்பலுக்குப் போன புருசன்கிட்டப் பேசணுமா, ஏறு மேல. ஆசுபத்திரிக்கு வண்டி கூப்பிடணுமா, ஏறு மேல. நோவு வந்தவன் அதுவரைக்கும் பொறுத்துக்கிடணும்.

இந்த லட்சணத்துல ரேசன் கடைக்கு விரல் வைக்கிற மிசின் வந்துச்சு. டவர் இல்லாட்டி அந்த மிசின் செத்த எலி மாதிரிக் கிடக்கும். கடைக்கார அய்யாதுரை நல்லவன்தான், ஆனா வாய் கிடையாது, மேல கேக்க மாட்டான். அவன் என்ன செஞ்சான் தெரியுமா? மாசா மாசம் மிசினைத் தோள்ல மாட்டிக்கிட்டுத் தொட்டி உச்சிக்குப் போய்க் குடையைப் புடிச்சு உக்காந்துக்கிட்டான். அரிசி கீழ, மிசின் மேல. மேல ஏறி விரல் வச்சுட்டு, சீட்டை வாங்கிக்கிட்டுக் கீழ இறங்கி அரிசி வாங்கணும். அப்ப படிக்கட்டெல்லாம் கிடையாது தம்பி. தூண்ல பதிச்ச இரும்புக் கம்பிதான் ஏணி. எங்க பொம்பளைங்க சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு ஏறுவாளுவ. கீழ நிக்குற ஆம்பளைங்க மழை வருதான்னு பாக்குற மாதிரியே மேல பாத்துக்கிட்டு நிப்பானுவ.

எனக்கு மூட்டு போயி வெகுகாலமாச்சு. உப்பு வாருன காலு வேற எப்படி இருக்கும்? கார்டுல என் பேரு ஒண்ணுதான். எனக்குப் பதிலா வேற யாரும் விரல் வைக்க முடியாது. மாசி மாசத்துல ஒருக்கா ஏறிப் பாத்தேன். பாதிக்கு மேல மூட்டு மடங்கல. பக்கத்து வீட்டுப் பூங்கனியும் இன்னொருத்தியும் கீழ இருந்து தாங்கி இறக்குனாளுவ. அதோட சரி. கார்டு இருக்கு, பேரு இருக்கு, அரிசி இல்ல.

எதிர்வீட்டுச் சந்தனச்செல்வி தெனமும் மத்தியானம் ஒரு கிண்ணத்துல சோறு கொண்டாந்து வைப்பா. சோறு குழைஞ்சிருக்கும், குழம்புல உப்புக் கூடியிருக்கும். உப்பளத்துல குடியிருக்கோம்னு காட்டுறா போல. தின்னேன், வேற என்ன செய்ய? ஆனா தம்பி, சொந்த அடுப்பைப் பூனைக்குப் படுக்கக் குடுத்துட்டு, அடுத்தவ வீட்டுக் கிண்ணம் எப்ப வரும்னு வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கிறது இருக்கே, அது பசியைவிடக் கேவலம். அது அவளுக்கும் தெரியும். கிண்ணத்தை வச்சுட்டு என் முகத்தைப் பாக்காமப் போயிருவா. திமிரு.

இந்தச் சந்தனச்செல்விதான் நான் சொல்ல வந்த கெட்டிக்காரி. கெட்டிக்காரின்னு ஊரு சொல்லுது, நான் சொல்லல. முறைக்கு எனக்கு மருமவ. பள்ளிக்கூடம் போனவ. எந்நேரமும் கையில போன். "டவர் இல்லாத ஊர்ல அதை வச்சு என்னத்தட்டி நோண்டுத?"ன்னு கேட்டா, "படம் புடிச்சு வைக்குதேன் அத்த, வெளிய போகும்போது அனுப்பிக்கிடுவேன்"னு சொல்லுவா. என்ன படம்? நண்டைப் புடிப்பா, உப்புக் குமியைப் புடிப்பா, தொட்டி ஏணியில ஏறுறவளைப் புடிப்பா. இதெல்லாம் ஒரு படமா?

அப்பத்தான் மகளிர் குழுவுக்குப் பொறுப்பா இருக்குற பிரமிளா மேடம் வந்தாங்க. டவுன்ல பெரிய தொழில்நுட்ப மாநாடாம், அரசாங்கமே நடத்துதாம். மாநாட்டுப் பேரு 'விரல் நுனியில் அரசு'. அதைக் கேட்டதும் நாங்க ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாத்துக்கிட்டோம்.

"எல்லாரும் குழு சேலை கட்டிட்டு வரணும். எல்லார் கையிலயும் போன் இருக்கணும். இல்லாதவங்க வீட்ல கேட்டு வாங்கிட்டு வாங்க"ன்னாங்க மேடம்.

"அங்க வந்து நாங்க பேசணுமா மேடம்?"ன்னு பூங்கனி கேட்டா.

"பேசவே கூடாது. படம் எடுத்துப் போடணும். அவ்வளவுதான்."

அந்தப் படத்துக்குக் கீழ, குறுக்க ரெண்டு கோடு நெடுக்க ரெண்டு கோடு போட்டு, ஒட்டினாப்புல மாநாட்டுப் பேரை எழுதணுமாம். அந்தப் பேரு அன்னைக்கு நாடு முழுக்க முதல் இடத்துல நிக்கணுமாம். எதுல முதல் இடம், யாரோட போட்டி, செயிச்சா என்ன கிடைக்கும்? அதைக் கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா"ன்னாங்க. அவங்களுக்குப் புரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பாங்க.

போனோம். மண்டபமா அது? மாட்டுத்தாவணியவிடப் பெருசு. உள்ள குளிரு. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கிட்டு உக்காந்திருந்தோம். வாசல்ல ஒரு பொம்மை மனுசன் நின்னுக்கிட்டு வாறவங்களுக்குக் கும்புடு போடுது. மேடமும் கும்புட்டாங்க. நான் நவுந்து போன பிறகு பாக்கேன், அது தூணுக்கும் அதே கும்புடுதான் போடுது. உடனே எனக்கு மரியாதை போயிருச்சு.

மேடையில ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பேசுனாங்க. பேசுனதை யாரு கேட்டா? பேசுறவரு பேசுறாரு, கேக்குறவன் பூராக் குனிஞ்சு போன்ல 'அருமையான பேச்சு'ன்னு எழுதுறானாம். மேடையில உக்காந்திருக்கவங்களும் அப்படித்தான். அடுத்து தன் பேரைச் சொல்லுதாங்கன்னு தெரியாம ஒருத்தரு போன்லயே கிடந்தாரு, பக்கத்துல இருந்தவரு முழங்கையால இடிச்சாரு. எழுந்திரிச்சு முதல் வார்த்தை என்ன சொன்னாருங்கிறீங்க? "எனக்கு முன்னால் பேசியவர் மிக அழகாகச் சொன்னார்." அட, பாவி மனுசா.

எங்களைக் கை தட்ட வைக்கிறதுக்கு ஒரு பிள்ளை. அது கையைத் தூக்குனா நாங்க தட்டணும். சன்னல் மாதிரி ஒரு அட்டையை வெட்டி வச்சிருந்தாங்க. அதுக்குள்ள தலையை விட்டு நின்னாப் படம் எடுக்காங்க. எனக்கு அந்தக் கோமாளித்தனமெல்லாம் புடிக்காது. வற்புறுத்துனாங்கன்னு நின்னேன். பூவைக் கொஞ்சம் முன்னால இழுத்து விட்டுக்கிட்டேன், அவ்வளவுதான். அந்தப் படத்துக்கு எத்தனை பேரு விருப்பம் போட்டாங்கன்னு பூங்கனியைக் கேட்டுப் பாருங்க, பிரமிளா மேடம் படத்துக்கே அவ்வளவு விழல. சரி, அதை விடுங்க.

எல்லாரும் சன்னலுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருக்கும்போது நம்ம கெட்டிக்காரி என்ன செஞ்சா? ஒரு மூலையில உக்காந்து, ஊர்ல எடுத்து வச்சிருந்த படத்தைத் தோண்டி எடுத்தா. பூங்கனி பாதி ஏணியில தொங்குதா, உச்சியில அய்யாதுரை குடையைக் கக்கத்துல வச்சுக்கிட்டு மிசினை வானத்துக்குத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு இருக்கான். அந்தப் படம். அதுக்குக் கீழ எழுதியிருக்கா பாருங்க, பூங்கனிதான் வாசிச்சுச் சொன்னா: 'எங்கள் கழிமேட்டு மக்களைத் தொழில்நுட்பத்தின் உச்சிக்கே ஏற்றிவிட்ட அரசுக்கும் அதிகாரிகளுக்கும் நெஞ்சார்ந்த நன்றி.' அந்த நாலு கோடும் மாநாட்டுப் பேரும் போட்டு அனுப்பிட்டா.

மாநாட்டுக்குன்னு போன்ல ஒரு பக்கம் வச்சிருக்காங்கல்ல, அதைப் பாத்துக்கிடுறதுக்குன்னே பிள்ளைங்க உக்காந்திருந்துச்சு. அதுக 'நன்றி'ங்கிற வார்த்தையைப் பாத்துச்சு, படத்தைப் பாக்கல. எடுத்து அவங்க பக்கத்துலயே போட்டு, மேடைக்குப் பின்னால இருந்த பெரிய திரையிலயும் விட்டுருச்சு. அப்ப அங்க ஒரு பெரிய அதிகாரி பேசிக்கிட்டு இருந்தாரு. பெரியன்னா பதவியில. எனக்கு ஒரு பிள்ளை இருந்தா அந்த வயசுதான் இருக்கும். "இன்று கடைக்கோடி மனிதனுக்கும் அரசு கைக்கெட்டும் தூரத்தில்"னு அவரு கையை நீட்டுறாரு, பின்னால பூங்கனி ஏணியில தொங்குதா.

முதல்ல ஒருத்தன் சிரிச்சான். அப்புறம் வரிசை வரிசையாச் சிரிப்பு. அன்னைக்குக் காலையில இருந்து செத்துக்கிடந்த கூட்டம் அப்பத்தான் நிமிந்து உக்காந்துச்சு. அத்தனை போனும் திரையைப் படம் புடிக்குது. அதிகாரி திரும்பிப் பாத்தாரு. முகம் சுருங்கித்தான் போச்சு. ஆனா ஆளு உசாரு. சட்டுனு சிரிச்சுக்கிட்டே, "பாருங்க! கிராமத்து மக்களோட ஆர்வத்தைப் பாருங்க! யாரும்மா இதைப் போட்டது?"ன்னாரு. இவ எந்திரிச்சா. மேடைக்குக் கூப்பிட்டு, 'இணையத் தூதர்'னு எழுதுன ஒரு கண்ணாடிக் கேடயத்தைக் குடுத்து, "உங்க ஊருக்கு நானே நேர்ல வர்றேன்"னுட்டாரு. அதையும் அத்தனை போனும் புடிச்சுக்கிட்டுச்சு.

திரும்பி வரும்போது பஸ்ல எனக்கு வந்துச்சே ஆத்திரம்.

"ஏட்டி, அம்புட்டுப் பெரிய மனுசங்க உக்காந்திருந்த இடத்துல, எங்க ஊருக்கு டவர் இல்லய்யா, கிழடுகட்டைக்கு அரிசி இல்லய்யான்னு ஒரு வார்த்தை எழுதத் தெரியல. நன்றி சொல்லிட்டு வாரா நன்றி! வெக்கமா இல்ல?"

"குறைன்னு எழுதினா உடனே அழிச்சிருவாங்க அத்த. நன்றின்னு எழுதினா அழிக்க மனசு வராது."

"கேடயத்துல அரிசி பொங்க முடியுமாட்டி?"

அவ சன்னலுக்கு வெளிய போனை நீட்டிப் படம் புடிச்சுக்கிட்டே வந்துட்டா.

சரின்னு நாங்க இருந்தோம். டவர் வருமின்னு பூங்கனி சொன்னா. டவர் வேற இலாகாவாம். ஆனா ஏதாவது செஞ்சாகணுமே, அத்தனை பேருக்கு முன்னால வாயை விட்டாச்சே. என்ன செஞ்சாங்க தெரியுமா? தொட்டியைச் சுத்திப் படிக்கட்டுக் கட்டுனாங்க! கைப்புடி வச்சு, நீலப் பெயிண்ட் அடிச்சு, உச்சியில ஒரு தகரக் கொட்டகை போட்டு, 'மின்னணுச் சேவை மேடை'ன்னு போர்டு. அரிசியைத் தேடி நாங்க ஏறுறது போதாதுன்னு இனி சொகுசா ஏறணுமாம். இதுக்குத் திறப்பு விழா. படிக்கட்டுக்கு ரிப்பன். நான் பிறந்ததுல இருந்து படிக்கட்டுக்கு ரிப்பன் கட்டிப் பாத்ததே இல்ல.

அந்த அதிகாரி வந்தாரு, பிரமிளா மேடம் வந்தாங்க, படம் எடுக்குறவரு வந்தாரு. ரிப்பனை வெட்டி, முதல் படியில காலை வச்சு ஒரு படம், கைப்புடியைப் புடிச்சு ஒரு படம். முடிஞ்சுது, கிளம்பப் போறாரு. அய்யாதுரை மேல மிசினோட காத்துக்கிட்டு இருக்கான், அவனை யாரும் நிமிந்துகூடப் பாக்கல.

அப்பத்தான் நம்ம கெட்டிக்காரி போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு முன்னால வந்தா. "சார், லைவ் போயிட்டிருக்கு சார். மாநாட்டுப் பேர் போட்டுத்தான் போகுது. நிறையப் பேர் பாக்குறாங்க."

அதிகாரி சட்டைக் காலரை இழுத்து விட்டாரு, தலையைக் கோதுனாரு, போனைப் பாத்து வணக்கம் போட்டாரு.

தம்பி, நான் படிக்கத் தெரியாதவதான். ஆனா டவருக்கு எத்தனை கோடுன்னு பாக்கத் தெரியும். அவ போனைப் பக்கத்துல நின்னு எட்டிப் பாத்தேன். ஒரு கோடு இல்ல. எப்படி இருக்கும்? உச்சிக்குப் போனாத்தானே இருக்கும்? தரையில நின்னுக்கிட்டு லைவ் போகுதாம் லைவ்! யாரு பாக்குறா, உப்பளத்துக் கொக்கா? கெட்டிக்காரின்னு கேடயம் வாங்குனவளுக்கு இந்தச் சின்ன விசயம் தெரியல. "ஏட்டி, டவரே இல்லயே"ன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. வெளியூர்க்காரங்க முன்னால நம்ம ஊர்ப் பிள்ளையை அசிங்கப்படுத்துவானேன்னு முழுங்கிட்டேன். ஊர் மானத்தை அன்னைக்கு நான் காப்பாத்துனேன், அது யாருக்குத் தெரியும்?

அவ பாட்டுக்குப் போனைப் பாத்துப் பாத்துச் சொல்லிக்கிட்டே இருந்தா. "சார், நீங்களே ஒரு வயசான அம்மாவைக் கையைப் புடிச்சு மேல கூட்டிட்டுப் போனா நல்லா இருக்கும்னு கேக்குறாங்க சார்."

யாரு கேக்குறா? கொக்கு கேக்குது. ஆனா அந்த மனுசன் நம்பிட்டாரு. சுத்தி முத்திப் பாத்து, "வாங்க பாட்டி"ன்னு நேரா என்கிட்ட வந்து கையை நீட்டுனாரு.

"யாரு பாட்டி?"ன்னேன்.

"சரிங்கம்மா, வாங்கம்மா"ன்னாரு.

ஏறுனோம். அவரு காலுல பளபளன்னு பூட்சு, எனக்குச் செருப்பு இல்ல. படி சூடு. ஒரு வளைவு தாண்டுறதுக்குள்ள அவருக்கு மூச்சு வாங்குது, எனக்கு மூட்டுல ஊசி இறங்குது. இவ எங்களுக்கு முன்னால பின்பக்கமாவே ஏறிக்கிட்டுப் போனை நீட்டிக்கிட்டே வாரா. ரெண்டாவது வளைவுல நான் உக்காந்துட்டேன்.

"எய்யா, இனி ஏற மாட்டேன். நீ என்னைத் தூக்கிட்டுப் போனாலும் சரி, உருட்டி விட்டாலும் சரி. எனக்கு அரிசி வேண்டாம், காலு வேணும். நான் பொங்கித் தின்னு எத்தனையோ மாசமாச்சு, தெரியுமா?"

எனக்கு அழுகை வந்துருச்சு தம்பி. வேணும்னு அழல. அந்த மனுசன் என் முகத்தைப் பாத்தாரு, போனைப் பாத்தாரு, மறுபடி என் முகத்தைப் பாத்தாரு.

"இப்ப சார் என்ன செய்யப் போறார்னு எல்லாரும் கேக்குறாங்க சார்"ன்னா இவ.

அவரு நிமிந்து உச்சியைப் பாத்துக் கத்துனாரு. "ஏப்பா, கீழ இறங்கி வா! ஏற முடியாதவங்க யாரும் ஏற வேண்டாம். கையெழுத்து வாங்கிட்டுக் கடையிலயே அரிசி போடு. நான் சொல்றேன்."

"இந்த மாசத்துக்கு மட்டுமான்னு கேக்குறாங்க சார்."

"எல்லா மாசத்துக்கும்."

"விட்டுப்போன மாசத்துக்கும் சேத்தான்னு கேக்குறாங்க சார்."

அவரு போனைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. "சேத்துத்தான்"ன்னாரு.

பாத்தீங்களா? என் பேச்சுல அந்த அதிகாரிப் பிள்ளை மனசு கரைஞ்சு போச்சு. நேருக்கு நேரா மனுசன்கிட்ட மனுசன் பேசினாத்தான் எதுவும் நடக்கும். இவ போன்ல என்ன இருக்கு? நான் ரெண்டு சொட்டுக் கண்ணீரு விட்டேன், மிசின் கீழ இறங்கிருச்சு. இதை ஊர்ல சொன்னா ஒருத்தியும் ஒத்துக்கிட மாட்டேங்கா. எல்லாம் சந்தனச்செல்வியாலதானாம்!

அங்கேயே கடையைத் திறந்தாங்க. அய்யாதுரை என் விரலை மையில தோய்ச்சு வச்சு வாங்கிக்கிட்டு அரிசியை அளந்தான். எனக்கு, முத்துப்பேச்சிக்கு, நடக்க முடியாத சவரியம்மாளுக்கு, எல்லாருக்கும். அதிகாரி பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு, அந்தப் போன் இறங்குற வரைக்கும் அவரும் நகரல. அப்புறம் போனுக்கு ஒரு டாட்டா காட்டிட்டு ஜீப்புல ஏறிப் போயிட்டாரு.

ஜீப்பு உப்புக் குமியைத் தாண்டித் திரும்புச்சோ இல்லையோ, நம்ம கெட்டிக்காரி சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு அந்தப் படிக்கட்டுல ஓடுனா பாருங்க. தடதடன்னு உச்சிக்கே போயிட்டா. போனை வானத்துக்குத் தூக்கிப் புடிச்சுக்கிட்டுத் தவம் கிடந்தா.

"ஏட்டி, இறங்கி வா! இந்த மூட்டையை வீட்டுக்குள்ள இழுத்துப் போடு. இன்னைக்கு என் வீட்ல சோறு, உனக்கும் சேத்துப் பொங்குதேன். குழையாத சோறு எப்படி இருக்கும்னு தின்னு பாரு"ன்னு கத்துதேன்.

"இருங்க அத்த, எடுத்த வீடியோ இப்பத்தான் போகுது!"

"என்னத்தட்டி எழுதுத?"

கைப்புடியைப் புடிச்சு எட்டிப் பாத்து, ஊருக்கே கேக்குற மாதிரி வாசிச்சா. 'டவர் கிடைக்காத எல்லா ஊர்களிலும், ஏற முடியாத அனைவருக்கும், இனி கையெழுத்திலேயே அரிசி என்று நேரில் வந்து அறிவித்த அய்யாவுக்குக் கழிமேட்டு மக்களின் நன்றி.' அதோட அவரு பேரையும் மாநாட்டுப் பேரையும் போட்டிருக்காளாம்.

"அடி பொய்க்காரி! எல்லா ஊருக்குமுன்னு அவரு எப்பட்டி சொன்னாரு? நம்ம ஊருக்குத்தானே சொன்னாரு!"

"இனிமே சொல்லுவாரு அத்த"ன்னா. சொல்லிக்கிட்டே விரலை வச்சு அமுக்கி அனுப்பிட்டா.